கிழித்த கை

விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டிகளுக்குப் பின்தெருவில் குடியிருப்பவர்கள் தும்மலை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. மூட்டை இறங்குகிற நாளில் தெருவே தும்மும். கற்பகவல்லி டீச்சருக்கு மட்டும் அது சின்ன விஷயம் இல்லை. தும்மியதும் நூறாயுசுக்கு வாழ்த்தி ‘நூறு’ என்று சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. தானே தும்மித் தானே நூறு சொல்லிக்கொள்ளும் அளவுக்கு நாம் இன்னும் போய்விடவில்லை என்று வாயை இறுக்கி மூடிக்கொள்வாள்.

பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தி ஓய்வு பெற்றவள். கல்யாணம் கூடி வரவில்லை. முதலில் வந்த மாப்பிள்ளைகளுக்கு இவளைப் பிடிக்கவில்லை. அப்புறம் வந்தவர்களை இவளுக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் பார்க்கிறவர்களே பார்ப்பதை விட்டுவிட்டார்கள். அம்மா இருந்தவரைக்கும் சண்டை போடவாவது ஒரு ஆள் இருந்தது. இப்போது குக்கரில் ஒரு கை அரிசி, அதுவும் மிஞ்சிப் போகிறது. கடன் வேண்டுமா என்று பாங்கிலிருந்து எந்தப் பெண்ணாவது போன் செய்தால் ஊரே பட்டென்று வைத்துவிடும். டீச்சர் வைக்க மாட்டாள். எந்த ஊரு, என்ன படிச்சிருக்கே, சாப்பிட்டியா என்று ஆரம்பித்து அந்தப் பெண்ணின் இங்கிலீஷைத் திருத்திக் கொடுக்கிறவரைக்கும் போவாள். கடைசியில் அந்தப் பெண்தான் ‘வேற கால் வருது மேடம்’ என்று தப்பித்து ஓடும்.

இப்படிப்பட்டவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு சிநேகிதி இருந்தாள். இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். பேர் பத்திரகாளி. சிவகாசிக்குப் பக்கத்தில் விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி முதலாளி. இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தவர்கள். காளிக்கு இங்கிலீஷ் வராது, வல்லிக்குக் கணக்கு வராது. ஒருத்தி பேப்பரை ஒருத்தி பார்த்து எழுதி இரண்டு பேரும் கரையேறினார்கள். காளியின் புருஷன் இராமகிருஷ்ணன் மாரடைப்பில் போனதும், துட்டி கேட்க வந்த சொந்தக்காரர்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே அவள் போய்க் கம்பெனி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த கையோடு வல்லிக்குப் போன் போட்டாள்.

“ஏட்டி, புதுசா ஒரு ரகம் போட்டிருக்கோம். பேரு வைக்கணும். அவரு இருந்தா எதாச்சும் வைப்பாரு. நீ வா.”

அன்றைக்குப் போனவள்தான். அதற்குப் பிறகு வருசா வருசம் போனாள்.

பட்டாசுக்குப் பேர் வைப்பது ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள், தீபாவளிக் கடையில் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். மருந்து எல்லாருக்கும் ஒரே மருந்துதான். படமும் பேரும்தான் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும். அதிலும் வெளிமாநிலத்துக்குப் போகிற பெட்டியில் பேர் இங்கிலீஷில் இருந்தாக வேண்டும். கோடையில் புது ரகங்களுக்கு ட்ரையல் நடக்கும். கம்பெனிக்குப் பின்னால் பொட்டல். பொழுது சாய்கிற நேரம். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. வாணம் மேலே போய் என்ன செய்யும் என்று யாரும் வல்லியிடம் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. பார்த்துவிட்டு, அந்தப் புகை கலைவதற்குள் அவள் வாயில் எது வருகிறதோ அதுதான் பேர். தள்ளாடிக்கொண்டு போன ராக்கெட்டுக்கு ‘டிப்ஸி காமெட்’. அணைந்துவிட்டது என்று நினைக்கிற நேரத்தில் மறுபடி சீறுகிற தரைச்சக்கரத்துக்கு ‘ஆன்ட்டீஸ் டெம்பர்’. ஒரு ரகத்துக்கு இரண்டு மூன்று பேர் சொல்வாள். காளி ஒன்றை எடுத்துக்கொள்வாள். எடுக்காமல் விட்டது வல்லிக்கே திரும்பிவிடும். அடுத்த வருசம் எதற்காவது ஆகும். இதற்குக் கூலி என்று பேச்சே கிடையாது. தீபாவளிக்கு முந்தின வாரம் காளியே காரில் வந்து, தூக்க முடியாத ஒரு பெட்டியை இறக்கிவிட்டு, வல்லி கையால் சாப்பிட்டுவிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டுப் போவாள். வெடி போடுகிற பழக்கம் இல்லாத வல்லி அந்தப் பெட்டியைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவாள். அவளுக்கு வேண்டியது அந்த மத்தியானம்தான்.

அது அறுந்தது ஒரு சிரிப்பினால். பொய் இல்லை. சின்னப் பிள்ளைகள் அடக்க மாட்டாமல் சிரிக்கிற மாதிரி கிலுகிலுவென்று பொரிந்த ஒரு புஸ்வாணத்துக்கு வல்லி ‘கிகில்ஸ்’ என்று சொல்லியிருந்தாள். காளி அன்றைக்கு வேறு பேரை எடுத்தாள். ‘கிகில்ஸ்’ வல்லியிடம் திரும்பிவிட்டது. கொஞ்ச நாள் கழித்துக் காளியின் கொழுந்தன் செந்தூர்பாண்டி ஒரு சீப்புப் பழமும் மிக்சருமாக வந்தான். பங்கு பிரிந்து தனியாகக் கம்பெனி போட்டிருந்தான். பிரிந்தது வல்லிக்குத் தெரியும். எம்புட்டுக் கசப்பாகப் பிரிந்தார்கள் என்பது தெரியாது. “மதினி, எனக்கும் ஒரு பேரு குடுங்க, ராசியா இருக்கும்” என்றான். சும்மா கிடக்கிற பேர்தானே என்று ‘கிகில்ஸ்’ஸைக் கொடுத்துவிட்டாள். இதற்குள் காளி மனசு மாறி, அதே பேரை லேபிள் அடிக்கக் கொடுத்திருந்தாள். வல்லியிடம் சொல்லவில்லை. அவர்களுக்குள் சொல்லிக்கொண்டு செய்கிற வழக்கம் எப்போது இருந்தது? தீபாவளிக் கடைகளில் இரண்டு கம்பெனி ‘கிகில்ஸ்’ பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. சிவகாசியே கிகில்ஸ் செய்தது.

காளி வந்தாள். கேட்டாள். பேச்சு தடித்தது. வைத்த காப்பியைத் தொடாமல் எழுந்து போய்விட்டாள். கை நனைக்காமல் ஒரு வீட்டைவிட்டுப் போவது என்றால் இந்தச் சீமையில் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதுதான் வல்லி சொல்கிற கதை. யாராவது, ‘காளியம்மா வரலியா?’ என்று விசாரித்தால், ‘எங்களுக்குள்ள கொஞ்சம் விரிசல் விழுந்துருச்சு’ என்பாள். மூன்று வருசம் ஆகப் போகிறது.

அந்த மூன்று வருசத்தில் அவளுக்குக் கிடைத்த சந்தோசம் என்று பார்த்தால் இரண்டே இரண்டு. முதல் தீபாவளிக்குக் கடைவீதியில் காளி கம்பெனியின் புது ராக்கெட்டைப் பார்த்தாள். பேர் ‘பிளண்டர் கிங்’. தண்டர் என்று போட நினைத்து, மடத்தனத்துக்கே ராஜா ஆக்கி வைத்திருந்தார்கள். கடைக்காரன் முன்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்த வருசம் ‘ஸ்டேல் ஸ்டார்’. ஊசிப்போன நட்சத்திரம்! என்னை விட்டால் உனக்கு யாரடி இருக்கிறார்கள் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்து நினைத்துக் குளிர்ந்தாள். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் அந்தக் குளிர்ச்சி போய்விட்டது. சொல்லிச் சிரிக்க ஆள் வேண்டுமே. இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கக்கூடிய ஒரே ஆள் காளிதான்.

இந்த வருசம் வைகாசியில் ஒரு காலைப்பொழுது, காளி கம்பெனியின் ஃபோர்மேன் ஒச்சப்பன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நின்றார். நரைத்த மீசை, பொய் சொன்னால் காதைச் சொறிகிற பழக்கம்.

“டீச்சரம்மா, நல்லா இருக்கீகளா?”

“வாங்க ஒச்சப்பன். காளி அனுப்பிச்சாளா?”

“இல்லீங்க, முதலாளியம்மாவுக்குத் தெரியாது. நானாத்தான் வந்தேன்.” காதைச் சொறிந்தார்.

காப்பி கொடுத்தாள். அவர் ஒரே மூச்சில் குடித்து முடித்தார். குடித்ததை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“புதுசா ஒரு ஷாட்டுங்க. கீழயிருந்து ஒண்ணாப் போகும். மேல போயி ரெண்டாப் பிரியும். ஒண்ணு செவப்பு, ஒண்ணு பச்சை. அதுக்கு ‘ரிஃப்ட்’னு பேரு போடப் போறாக. லேபிள் இந்த வாரம் அடிக்கக் குடுக்கணும். போன ரெண்டு சீசனும் பேரு சிரிப்பாச் சிரிச்சுப் போச்சு. இதாச்சும் நல்ல வார்த்தைதானான்னு கேட்டுட்டுப் போலாம்னு.”

அந்த வார்த்தையின் அர்த்தம் வல்லிக்கு உடனே உறைத்தது. ஆனாலும் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டாள்.

“உங்க முதலாளியம்மா கேக்கட்டும், சொல்றேன்.”

“அவுக கேக்க மாட்டாகளே.”

“அப்ப நானும் சொல்ல மாட்டேன்.”

ஒச்சப்பன் காலி டம்ளரைக் கீழே வைத்தார். “நாளைக்குச் சாயங்காலம் ட்ரையல் இருக்குங்க” என்று பொதுவாகச் சுவரிடம் சொல்வது மாதிரிச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அவர் போனபிறகு வல்லிக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ரிஃப்ட் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாதா? பிளவு. பிணக்கு. நன்றாக இருந்த இரண்டு பேர் நடுவில் விழுகிற மனத்தாங்கல். தீபாவளிப் பெட்டியில் போட வேண்டிய வார்த்தையா அது? அதுவும் கொழுந்தனோடு பங்கு பிரிந்து ஊர் வாயில் விழுந்த வீடு. செந்தூர்பாண்டி ஒருத்தன் போதுமே, கடை கடையாகக் காட்டிச் சிரிப்பான். ‘சிரிக்கட்டும், எனக்கென்ன’ என்று சொல்லிப் பார்த்தாள். போன இரண்டு தடவையும் இனித்த அதே நினைப்பு இந்தத் தடவை இனிக்கவில்லை.

பீரோ மேல் இருந்த பெரிய அகராதியை இறக்கினாள். வார்த்தைகள் எந்த ஊரிலிருந்து புறப்பட்டு எப்படியெல்லாம் சுற்றி வந்தன என்று சொல்கிற அகராதி. அவள் ஓய்வு பெற்றபோது காளி வாங்கிக் கொடுத்தது. ‘எம்புட்டுக் கனம்! புள்ளைகள அடிக்கவும் ஆகும்’ என்று சொல்லிக்கொண்டேதான் கொடுத்தாள். மூன்று வருசமாக அதைத் தொடவில்லை. தூசி தட்டியதில் ஒரு தும்மல் வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

முதல் அர்த்தம் பாறையிலும் தரையிலும் விழுகிற பிளவு. அடுத்தது, மேகம் விலகிக் கொஞ்சம் ஆகாசம் தெரிகிறதே, அந்த இடைவெளிக்கும் அதுதான் பேர். அப்புறம்தான் மனிதர்களுக்குள் விழுவது. அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட அர்த்தம். இதற்குக் கீழே இன்னொரு ரிஃப்ட் தனியாகக் கிடந்தது. இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்து ஜனங்கள் ஏப்பத்துக்கு அப்படிச் சொல்வார்களாம். அது வேறு வேர், ஒலி மட்டும் ஒன்று. வாணம் மேலே போய் ஏப்பம் விடுவதை நினைத்து வல்லி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அப்படியொரு சத்தம் கேட்டு எவ்வளவு நாளாகிறது என்று உறைத்ததும் நிறுத்திக்கொண்டாள்.

பிறகு முதல் ரிஃப்ட்டின் வேரைப் படித்தாள். வடக்குக் கடல் பக்கத்து நாட்டுக்காரர்கள் கப்பலேறி வந்தபோது இங்கிலீஷில் விட்டுப் போன வார்த்தை. அவர்களுடைய பழைய பாஷையில் அதன் அடியில் இருப்பது ‘கிழிப்பது’. துணியைக் கிழிப்பது, பிய்ப்பது. அதே குடும்பத்தில் பிறந்த இன்னொரு பழைய வார்த்தைக்கு, இரண்டு பேர் செய்துகொண்ட உடன்பாட்டை ஒருத்தர் முறிப்பது என்று அர்த்தம்.

விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாம் என்ன சொல்கிறோம்? விரிசல் விழுந்துருச்சு என்கிறோம். தானாக விழுந்த மாதிரி. கரிசல் காட்டில் கோடைக்கு வெடிப்பு விழுகிறது. யாரைக் குற்றம் சொல்வது? ஒரு மழை பெய்தால் தானே கூடிக்கொள்ளும். அவளும் மூன்று வருசமாக அந்த மழைக்குத்தான் காத்துக்கொண்டிருந்தாள். ஆனால் துணி தானாகக் கிழியாது. கிழிக்க ஒரு கை வேண்டும்.

யார் கை?

அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் விடைத்தாளைத் திருத்துகிற மாதிரி, வரி வரியாக. காளி வந்ததும் உட்கார்ந்தாள். ஆமாம், உட்காரத்தான் செய்தாள். “ஏட்டி, வேற எவளும் செஞ்சிருந்தா நான் வண்டியேறி வந்திருக்க மாட்டேன்” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. காப்பியைக் கையில் வாங்கினாள். இதுதான் வல்லி வசதியாக மறந்துபோனது. வாங்கினாள், டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “தெரியாமக் குடுத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு” என்றாள். தெரியாமல்தான் கொடுத்திருந்தாள். சொல்லியிருக்கலாம். என்னைப் போய்ச் சந்தேகப்படுகிறாளே என்று தலைக்கேறிய திமிரில் வல்லி சொன்னது வேறு.

“என் வாயில வந்த பேரு. நான் யாருக்கு வேணும்னாலும் குடுப்பேன். நீ என்ன எனக்குச் சம்பளமா குடுத்துக்கிட்டு இருக்க?”

அதற்குப் பிறகுதான் காளி டம்ளரைக் கீழே வைத்தாள்.

வல்லி அகராதியை மூடினாள். அழுகை வந்தது. மூன்று வருசமாக அடுத்தவள் மேல் வைத்திருந்த குற்றம் தன் மடியிலேயே இருந்திருக்கிறது என்று தெரிந்தால் யாருக்கும் வரும். இத்தனை தனிமையும் தானே உழைத்துச் சேர்த்ததா என்று நினைத்து இன்னும் அழுதாள். போன் அடித்தது. கடன் வேண்டுமா என்று கேட்கிற பெண். வாழ்க்கையில் முதல் தடவையாக டீச்சர் பட்டென்று வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் சிவகாசி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனாள். திருத்தங்கல் தாண்டியதும் இறங்கித் திரும்பிவிடலாமா என்றிருந்தது. என்னவென்று போய் நிற்பது? காளி வாசலிலேயே வைத்து, ‘எதுக்கு வந்தே, சம்பளம் வாங்கவா?’ என்று கேட்டால்? கேட்டால் கேட்கட்டும். அவமானப்படுவதற்காவது எதிரில் ஒரு ஆள் வேண்டுமே. சிவகாசியில் இறங்கி ஆட்டோ பிடித்து விஸ்வநத்தம் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது.

பொட்டலில் ஒச்சப்பன் தூரத்தில் குழாயை நட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் காளி. இன்னொன்றில் அவள் கைப்பை. முதுகுப் பக்கத்திலிருந்து பார்த்தபோதே வல்லிக்குத் தெரிந்தது, ஆள் பாதியாக இளைத்துப் போயிருந்தாள். கொண்டை சின்னதாகியிருந்தது.

காலடிச் சத்தம் கேட்டும் காளி திரும்பவில்லை. கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாற்காலி காலியானது.

“காளி, அந்தப் பேரு…”

“முதல்ல பாரு. பார்த்துட்டுப் பேசு.”

அதுதான் பழைய சட்டம். உட்கார்ந்தாள். ஒச்சப்பன் பற்றவைத்துவிட்டு ஓடி வந்தார். ஒற்றைப் புள்ளியாக அது கிளம்பி, போய்க்கொண்டே இருந்தது. இனி ஒன்றும் ஆகாது, அப்படியே அணைந்துவிடும் என்று நினைத்தபோது இரண்டாகப் பிரிந்தது. சிவப்பு ஒரு பக்கம் போனது, பச்சை ஒரு பக்கம் போனது. ஒன்றையொன்று திரும்பிப் பார்க்காமல் தனித்தனியாக இறங்கி, தனித்தனியாக அணைந்தன.

“அந்த வார்த்தையைப் போடாத” என்றாள் வல்லி. “அது ஆகாத வார்த்தை. நல்லா இருந்தவங்க பிரிஞ்சு போறதுக்குச் சொல்றது. செந்தூர்பாண்டி சிரிப்பான். ஊரு சிரிக்கும்.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“அந்த வார்த்தை தெரியும். என் மருமக பிரீத்திகாகிட்ட நானே கேட்டேன். ரெண்டு பேரு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா அதுக்கு இங்கிலீஷ்ல என்னன்னு. நாலஞ்சு சொன்னா. இது சின்னதா இருந்துச்சு, லேபிள்ல நல்லாப் பெருசா வரும்.”

“தெரிஞ்சுமா போட்ட?”

காளி இப்போதுதான் திரும்பினாள். “பிளண்டர்னா என்னன்னும் எனக்குத் தெரியும். ஸ்டேல்னா என்னன்னும் தெரியும். பள்ளிக்கூடத்துல நீ என் நோட்டைப் பார்த்தாலே செவப்புப் பேனாவத் தூக்கிக்கிட்டு வருவ. ஒரு எழுத்து தப்பா இருந்தா உனக்குச் சோறு இறங்காது. தப்பான வார்த்தையா ஒண்ணைப் பெட்டியில போட்டுக் கடையில வச்சா, ‘என்னடி எழுதி வச்சிருக்க’ன்னு திட்டவாச்சும் வருவேன்னு பார்த்தேன். ரெண்டு தீவாளி போட்டேன். நீ வரல. சரி, கண்ணுல படலபோலன்னு இந்தத் தடவை ஆளை அனுப்பிச்சுப் பார்த்தேன்.”

தூரத்தில் ஒச்சப்பன் காதைச் சொறிந்துகொண்டு நின்றார்.

வல்லிக்குக் கடைவீதி ஞாபகம் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. ஒருத்தி தன் கம்பெனிப் பேரைக் கெடுத்துக்கொண்டு, வா வா என்று கூப்பிட்டிருக்கிறாள். இவள் அதைப் படித்து, மார்க் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்த் தனியாகச் சாப்பிட்டிருக்கிறாள்.

“கண்ணுல பட்டுச்சு காளி” என்றாள். மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. “ரெண்டையும் பார்த்தேன். பார்த்துச் சிரிச்சேன்.”

“சிரிச்சியா” என்றாள் காளி. “சரி. அதாச்சும் உனக்கு ஆச்சே.”

“நான்தான் கிழிச்சேன். விரிசலும் இல்ல ஒண்ணும் இல்ல. நான்தான், என் வாயால. ‘கிகில்ஸ்’ தெரியாமக் குடுத்தது. ஆனா அந்தச் சம்பளப் பேச்சு தெரிஞ்சே பேசினது. உனக்கு வலிக்கணும்னே பேசினேன்.”

“வலிச்சுச்சு” என்றாள் காளி.

அவ்வளவுதான் சொன்னாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. விடுடி என்றும் சொல்லவில்லை. பிறகு காளி குரலை உயர்த்தி, “ஒச்சப்பா, இன்னொண்ணு வைங்க. டீச்சரு அதைப் பார்க்கல, என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு இருந்தா” என்றாள்.

இரண்டாவது வாணம் கிளம்பியது. ஒன்றாகப் போய், உச்சியில் படாரென்று ஒரு சத்தம் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு பக்கமும் இறங்கியது. புகை கலைவதற்குள் வல்லி வாயில் அது வந்துவிட்டது.

“டூ ஆன்ட்டீஸ்.”

காளி அதை ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று வல்லிக்கு முதலில் தெரியவில்லை. சிரிக்கத்தான் செய்தாள். “இதுல பச்சை யாருடி? நீயா நானா?” என்று கேட்டாள்.

வல்லி கிளம்புகிறபோது காளி வண்டி வரைக்கும் வந்தாள். டிரைவரிடம் வீட்டு வாசலில் இறக்கிவிடச் சொன்னாள். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, “அன்னைக்கு அந்தக் காப்பி என்னாச்சு?” என்றாள்.

“ஆடை படிஞ்சு போச்சு. கீழ ஊத்தினேன்.”

“காலையில வாரேன்.”

கால் லிட்டர் பால் வாங்குகிற வல்லி மறுநாள் காலையில் ஒரு லிட்டர் வாங்கினாள். காளி அன்றைக்குக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போன, அலமாரியில் பின்னால் தள்ளி வைத்திருந்த அந்த டம்ளரை எடுத்துப் புளி போட்டு விளக்கினாள். காளிக்குக் காப்பி என்றால் பாயசம் மாதிரி இருக்க வேண்டும். சர்க்கரை மூன்று கரண்டி. கார்ச் சத்தம் கேட்டபோது மண்டியில் மூட்டை இறக்க ஆரம்பித்திருந்தார்கள். தெருவெல்லாம் நெடி.

காளி வந்து, முன்பு உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். டம்ளரை வாங்கினாள். பேசாமல் குடித்தாள். சொட்டு விடாமல் குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்துக்கூடக் காட்டினாள்.

“சீனி தூக்கலா இருக்கு” என்றாள்.

“உனக்கு மூணு கரண்டிதானே?”

“அது அப்ப. இப்ப ஒண்ணுமே கூடாது. சுகரு. ரெண்டு வருசமாகுது, இன்சுலின் போட்டுக்கிட்டு இருக்கேன். ஆளு இளைச்சிருக்கேன்ல, பார்த்தேல்ல?”

வல்லி டம்ளரைப் பிடுங்கினாள். “கூறுகெட்டவளே, சொல்லக் கூடாதா? அப்புறம் எதுக்குக் குடிச்ச?”

“அன்னைக்கு வச்சதைக் குடிக்காமப் போனேன்ல.”

இரண்டு வருசம். ரத்தம் சோதிக்க, ஊசி போடப் பழக, ராத்திரி பயந்து முழித்துக்கொண்டு உட்கார, இவள் தனியாகவே இருந்திருக்கிறாள். வீடு நிறைய ஆள் இருந்தும் தனியாக. அந்த நாட்களில் தானும் இங்கே ஒரு கை அரிசியை வைத்துக்கொண்டு தனியாக இருந்ததை வல்லி நினைத்தாள். ஒரே ஒரு வாக்கியம் இரண்டு வீட்டிலும் செய்த வேலை. வத்தல் நெடி மூக்கில் ஏறி, வல்லிக்கு அடக்க முடியாமல் ஒரு தும்மல் வந்தது.

“நூறு” என்றாள் காளி.